ஒட்டுப்பால், 1979

வெள்ளறடை
5 ஜூன் 2025

ஷியாமளா,

'ஒட்டுப்பால்' என்ற பாட்டு 1979இல் பாறசாலையில் பதிவானது என்றும், அதைப் பாடிய 'பார்டர் பாய்ஸ்' குழு பிறகு காணாமல் போய்விட்டது என்றும், டேப் இப்போதுதான் கண்டெடுக்கப்பட்டது என்றும் உங்கள் இசை நிறுவனம் நேற்று மாலை அறிவித்திருக்கிறது. ஆதாரம்: உங்கள் இணையப் பக்கம். தவறாக ஏறியிருக்குமோ என்று இன்று காலை விளம்பரப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டேன். எடுத்தவர் எல்லாம் சரிதான் சார் என்றார். கொச்சி இசை விழாவுக்கு டிக்கெட் வேண்டுமா என்றும் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்து.

அந்தப் பாட்டு இந்த வருடம் ஜனவரியில், என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு ரப்பர் புகைப்புரையில் பதிவானது. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்துவதை நிறுத்தி வெகுநாளான கொட்டகை அது. சுவரெல்லாம் கரி. ரப்பர் பால் உறைய வைக்கும் டிஷ் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நீ உட்கார்ந்திருந்தாய். நான் வாசல்படியில் இருந்தேன். பாட்டை எழுதியவள், பாடியவள், கிட்டார் வாசித்தவள் லிஜி. டிரம்ஸ் ரெஜித். குழுவின் பெயரும் புகைப்புரைதான். லிஜிக்கு இருபத்தேழு வயது. 1979இல் அவளுடைய அப்பாவுக்கே கல்யாணம் ஆகவில்லை.

நிருபர் வேலையை விட்ட பிறகு நான் செய்வது ஒன்றே ஒன்றுதான், உனக்குத் தெரியும். பழைய ராக்கைக் கேட்டு வளர்ந்து, ஆனால் சொந்தப் பாட்டைப் பாடுகிற பிள்ளைகளைத் தேடி, வாரம் ஒரு குழுவாக இணையத்தில் எழுதுகிறேன். பெரிய நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்காத இண்டி குழுக்கள். அவற்றில் பாதி அடுத்த வருடம் இருக்காது. புகைப்புரை இருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் உன்னை வரச் சொன்னேன்.

நீங்கள் வெளியிட்டிருப்பதைக் கேட்டேன். டேப் இரைச்சலைச் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டாவது சரணத்தில் நாடா சிக்கி இழுபடுவதுபோல் லிஜியின் குரலை இழுத்திருக்கிறீர்கள். அட்டையில் ஈரக்கறை, ஓரத்தில் பூசணம். பூசணம் வரைய ஒரு ஓவியருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தப் பாட்டு, மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் பாலின், ஒட்டுப்பாலின், நாற்றத்தைப் பற்றியது. அந்த நாற்றத்தோடு வளர்ந்தவன் நான், எனக்கு அது குமட்டியதில்லை. உங்கள் அட்டை குமட்டியது.

அட்டையில் கிட்டாரோடு நிற்கும் மீசைக்காரரின் பெயர் ஈசாக் என்றும், அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈசாக் லிஜியின் பெரியப்பா. போன செவ்வாய்க்கிழமை பனச்சமூடு சந்தையில் மத்திக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நான் அடுத்து நின்றேன்.

இன்னொன்று. ஆகஸ்ட் 2 கொச்சி விழாவில் புகைப்புரை குழு 'பார்டர் பாய்ஸுக்கு அஞ்சலியாக' இந்தப் பாட்டைப் பாடும் என்று போட்டிருக்கிறது. அதாவது லிஜி தன் பாட்டையே இன்னொருவர் பாட்டாகப் பாட வேண்டும்.

உனக்கு இது முன்பே தெரியுமா? லிஜிக்குத் தெரியுமா? எழுத்தில், இதேபோல் மெயிலில் பதில் சொல். போன் வேண்டாம். பேச்சில் நீ எப்போதும் ஜெயித்துவிடுவாய்.

சத்தியதாஸ்

*

பெங்களூரு
7 ஜூன் 2025

சத்தியண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய அலுவலகத்துக்குத் திரும்பிப் போனதுபோல் இருந்தது. முதல் வரியில் செய்தி, இரண்டாவது வரியில் ஆதாரம். என் பிரதியை நீங்கள் திருப்பித் தரும்போது முகத்தில் ஒன்றும் காட்டமாட்டீர்கள், ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று மட்டும் எழுதியிருக்கும். இப்போதும் அதே.

சரி, யார் சொன்னது என்று நானே சொல்கிறேன். எனக்கு முன்பே தெரியும். லிஜிக்கும் தெரியும். உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்து மார்ச்சில் அவள் கையெழுத்துப் போட்டாள். ஏப்ரலில் கொச்சி ஸ்டூடியோவுக்கு வரவழைத்து இந்த யோசனையைச் சொன்னோம். மறுக்கவில்லை. ஒரு சரணத்தைத் திரும்பவும் பாடிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். குடும்பத்தின் பழைய போட்டோ கேட்டோம், அதையும் அவளே அனுப்பினாள். எங்கள் ஆட்களுக்கு அந்த மீசை பிடித்துவிட்டது. ஈசாக் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

உங்களுக்குக் கோபம் வருவது புரிகிறது. ஆனால் இங்கே என் மேசையில் உட்கார்ந்து பாருங்கள். திங்கட்கிழமை காலையில் வந்து குவியும் புதுப் பாட்டுகளை ஒருவர்கூட முழுதாகக் கேட்பதில்லை. நன்றாக இல்லாததால் இல்லை, புதிதாக இருப்பதால். புதுக் குழு என்றால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். 'கண்டெடுத்தது' என்றால் காது நிற்கும். லிஜியின் குரலை இந்த மூன்று நாளில் கேட்டவர்கள், உங்கள் பத்தியை இத்தனை வருடத்தில் படித்தவர்களைவிட அதிகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்குச் சொல்கிறேன்.

இது செய்தி இல்லை அண்ணே. மேடையில் ராஜா வேஷம் போட்டவனிடம் போய் நாடு எங்கே என்று யாராவது கேட்பார்களா? இது ஓடினால் லிஜிக்கு அடுத்த ரெக்கார்டு அவள் பெயரிலேயே வரும். நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒற்றசேகரமங்கலத்துக்கு அம்மாவைப் பார்க்க ஓணத்துக்கு வருவேன். அப்போது நேரில் திட்டுங்கள்.

அன்புடன்
ஷியாமளா

*

வெள்ளறடை
15 ஜூன் 2025

ஷியாமளா,

ஈசாக் வாழ்க்கையில் ஒருநாளும் கிட்டார் வாசித்ததில்லை. ஆதாரம்: ஈசாக்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். லாரி ஓட்டி ஓய்ந்தவர், காது நன்றாகக் கேட்கிறது, கால் மட்டும் அதிக தூரம் வராது. அட்டைப் படத்தை போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பெண் வீட்டாருக்குக் கொடுக்க நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படமாம். கையில் பிடிக்க அங்கே இரண்டே சாமான் இருந்ததாம், ஒரு கிட்டார், ஒரு டெலிபோன்.

"நான் கிட்டாரைப் பிடிச்சேன். போன் பிடிச்சவனுவளுக்கெல்லாம் சட்டுனு கல்யாணம் ஆச்சு மக்கா. எனக்கு மூணு வருசம் இழுத்து," என்றார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "இங்கன ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி உண்டாயிருந்து. அதை எவன் வெட்டினான்?"

காணாமல் போனவர் என்று எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யார் யாரோ தோளில் கைபோட்டுப் படம் எடுக்கிறார்களாம். ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்களாம். சபையில் எல்லாரும் பாடும்போதே வாயை மட்டும் அசைக்கிறவர் அவர்.

அங்கிருந்து பாறசாலைக்குப் போய் லிஜியை அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் பார்த்தேன். கூட்டம் இருந்தது. ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே பேசினாள். நீ எழுதியது உண்மைதான், அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்பதை நீ எழுதவில்லை. உரிமை எங்களுடையது, எந்தப் பெயரில் வெளியிடுவது என்பது எங்கள் முடிவு, உனக்கு மரியாதைக்காகத் தெரிவிக்கிறோம் என்றார்களாம். அவள் மறுக்கவில்லை என்கிறாய். மறுக்க என்ன இருந்தது?

இதைப் பத்தியில் எழுதலாமா என்று கேட்டேன்.

"இப்ப எழுதாண்டாம் சாரே. அடுத்த ரெக்கார்டு என் பேரில எண்ணு ஷியாமளா சேச்சி சொல்லியிருக்கு. அது வரட்டு."

பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொல்லி அந்த ஆளை அனுப்பினாள். அடுத்தவர் வந்து உட்காருவதற்குள் சொன்னாள்:

"செத்தவங்களுக்குத்தானே சாரே அஞ்சலி? நான் இங்க இருந்து ஊசி குத்தீட்டு இருக்கேன்."

ரெஜித் விழா போஸ்டரைத் தன் ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருக்கிறான். தொலைந்துபோன குழு யாருடா என்று சவாரி ஏறுகிறவர்கள் கேட்டால் மேலே எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளச் சொல்கிறானாம். அவனுக்கு மேடை வேண்டும். அதில் தவறில்லை. பதினாறு வயதிலிருந்து அம்பலத் திருவிழா கானமேளாக்களில் மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்தவன். சொந்தப் பாட்டுக்கு வாசித்த ஒரே தடவை, அதுவும் மற்றவர்கள் பாட்டாகிவிட்டது.

ராஜா வேஷம் என்று எழுதினாய். வேஷக்காரனுக்கு அவன் பெயர் நோட்டீஸில் உண்டு.

நான் எழுதவில்லை. லிஜி கேட்டுக்கொண்டதால். நீ சொன்ன அடுத்த ரெக்கார்டு எந்த மாதம், யார் கையெழுத்தில் உறுதியாகியிருக்கிறது என்பதை மட்டும் தெரிவி.

சத்தியதாஸ்

*

பெங்களூரு
17 ஜூன் 2025

அண்ணே,

அடுத்த ரெக்கார்டு எழுத்தில் இல்லை.

ஏப்ரல் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் தலைவர் 'பார்க்கலாம்' என்றார். லிஜி லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கிட்டார் பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே போட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் 'பார்க்கலாம்' என் வாயில் 'உண்டு' என்று வந்துவிட்டது. அது நடக்கும் என்றே நினைத்தேன். போன வாரம் அடுத்த வருடத் திட்டம் வந்தது. அதில் பார்டர் பாய்ஸின் 'இரண்டாவது டேப்' இருக்கிறது. லிஜி இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நான் ஒன்று சொல்லட்டுமா?

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்களுக்கு இப்படி ஒரு கேள்வி தவறிப் போவது அபூர்வம். பிப்ரவரியில் உங்கள் பத்தியில், '1979இல் எங்கோ பதிவாகி, வழியில் தங்கித் தங்கி, இப்போது நமக்கு வந்து சேர்ந்த பாட்டுபோல் இருக்கிறது' என்று எழுதினீர்கள். அந்த வரியை வெட்டி எங்கள் கூட்ட அறைத் திரையில் போட்டார்கள். கீழே உங்கள் பெயரும் இருந்தது. இதுதான் கதை, வேறென்ன வேண்டும் என்றார் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புது ஆட்களைத் தேடுகிறோம் என்று நீங்களும் சொல்கிறீர்கள், நாங்களும் சொல்கிறோம். கிடைத்ததும் பழைய யாரைப்போல் இருக்கிறார்கள் என்றுதானே முதலில் எழுதுகிறோம்? நாங்கள் அதையே கொஞ்சம் தடித்த பேனாவில் எழுதிவிட்டோம்.

விழா முடியும் வரை சும்மா இருங்கள். ரெஜித்துக்காகவாவது.

ஷியாமளா

*

வெள்ளறடை
28 ஜூன் 2025

ஷியாமளா,

அந்த வரி என்னுடையதுதான். பழைய பத்தியை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உவமையாக எழுதினேன், நீங்கள் பிறப்புச் சான்றிதழ் ஆக்கிவிட்டீர்கள். ஆனாலும் சோம்பேறித்தனமான வரி. குழு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியாதபோது வருகிற வரி. போன வாரப் பத்தியில் எந்தப் பழைய குழுவோடும் ஒப்பிடாமல் ஒரு புதுக் குழுவைப் பற்றி எழுதிப் பார்த்தேன். கஷ்டமாக இருந்தது. குழு தெரிந்தது.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும்.

உங்கள் பாட்டு 1979ஐச் சேர்ந்தது இல்லை என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் கேட்டபோது அந்த நாடா இழுப்பில் எனக்கே பிடிபடவில்லை; பனச்சமூடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் தெரிந்துகொண்டேன். அங்கே இப்போது காலையிலிருந்து இந்தப் பாட்டுத்தான். இரண்டாவது சரணம் வந்ததும் கடையில் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். ஜனவரியில் லிஜி பாடியது நினைவிருக்கிறதா?

வீட்டு மரம் கீறி வந்த கையி
சோப்பு போட்டாலும் போகாத்த கையி

ஏப்ரலில் கொச்சியில் திரும்பப் பாடியபோது முதல் வரியை மாற்றியிருக்கிறாள்:

நூற்றஞ்சு மரம் கீறி வந்த கையி

உங்கள் பெங்களூர்க்காரர்களுக்கு இது ஏதோ நூற்றைந்து மரங்கள். இங்கே எந்தப் புரயிடத்தில், எந்தத் தோட்டத்தில் போய்க் கேட்டாலும் நூற்றஞ்சு என்றால் ஒரு ரப்பர் ரகம். அந்த ரகம் தோட்டங்களுக்கு வந்தது எண்பதாம் வருடம். நட்டால் கத்தி வைக்க ஏழு வருடம் ஆகும். ஆக, எண்பத்தேழுக்கு முன்னால் நூற்றஞ்சு மரத்தைக் கீறிய கை உலகத்தில் இருக்க முடியாது.

அந்த வரி வந்ததும் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார்: "பிறக்காத்த பசுவுக்கு பால் கறந்திருக்கானுவ எலே." கடை முழுதும் சிரித்தது. பெங்களூரில் இருக்கிற எல்லாரையும் பைத்தியக்காரர்கள் என்று நினைக்கிறார்கள். நீயும் அதில் சேர்ந்துவிட்டாய். உன் அப்பா ஒற்றசேகரமங்கலத்தில் நட்டதும் நூற்றஞ்சுதான். உனக்கு எப்படிக் காதில் விழாமல் போனது?

கை தவறி வந்ததா என்று லிஜியிடம் கேட்டேன். இல்லை என்றாள். பாறசாலை ரயில்வே கேட் மூடியிருந்தது, அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"என் பேரு போடமாட்டாங்க எண்ணு அண்ணைக்கு தெரிஞ்சுபோச்சு. அப்ப வேற என்னத்தையாவது போடணும்லா சாரே. நம்ம ஊர்ல ஆருக்காவது தெரியட்டு எண்ணுதான் போட்டேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அங்க இருந்தவங்களுக்கு ஒண்ணும் மனசிலாகல. ஷியாமளா சேச்சிக்கு ஆகும் எண்ணு நினைச்சேன். சேச்சி போனைப் பாத்துட்டு இருந்து."

ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. அடுத்த ரெக்கார்டு எழுத்தில் இல்லை என்பதை அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை.

இந்தச் சரணம்தான் அவளிடம் மிச்சம் இருப்பது. எப்போது, எப்படி வெளியே சொல்வது என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். சேச்சிக்கு மட்டும் என்றாள்.

சத்தியதாஸ்

*

பெங்களூரு
3 ஜூலை 2025

அண்ணே,

சொல்லிவிட்டேன். உங்களுக்கு வேறு வழியாகத் தெரிவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நூற்றஞ்சைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பாட்டு பொய் என்பது அந்த மலையோரம் முழுவதற்கும் தெரியும், கேட்டுச் சிரிக்கிறார்கள், நாளைக்கு ஒரு பத்திரிகையில் வந்தால் நமக்கு அசிங்கம், ஆகவே இப்போதே லிஜியின் பெயரைப் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

தலைவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். மிகவும் நன்றி, சரியான நேரத்தில் கண்டுபிடித்தாய் என்றார். சாயங்காலத்துக்குள் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டார்கள். அதில் இரண்டாவது சரணம் இல்லை. அந்த இடத்தில் ஒரு கிட்டார் தனியாக வாசிக்கிறது. யார் வாசித்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம், கம்ப்யூட்டராம். எழுபதுகளின் கிட்டார் மாதிரி என்று டைப் செய்தால் அதுவே செய்து கொடுக்குமாம். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். 'டேப்பின் ஒரு பகுதி ஈரத்தில் அழிந்துவிட்டது.' நீங்கள் சொன்ன அந்தப் பூசணம், அண்ணே. அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் என்று எழுதினீர்கள். எனக்கு மட்டும் என்று லிஜி சொன்னாள். தெரியும்.

அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஷியாமளா

*

வெள்ளறடை
9 ஜூலை 2025

ஷியாமளா,

புகைப்புரை குழு கொச்சி விழாவிலிருந்து விலகிவிட்டது. ஆதாரம்: உங்கள் நிறுவனத்துக்கு லிஜி நேற்று அனுப்பிய கடிதம். பிரதியை நான் பார்த்தேன். ரெஜித்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். சரணத்தை வெட்டிய செய்தி கேட்ட பிறகும் இரண்டு நாள் வழக்கம்போல் வண்டி ஓட்டினான். மூன்றாவது நாள் மண்ணெண்ணெய்த் துணியோடு ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பாதி வரவில்லை. ஈசாக்கின் மீசையும் ஒரு கண்ணும் இன்னும் அதில் ஒட்டியிருக்கின்றன.

நெய்யாற்றின்கரை வக்கீல் சுவாமிதாஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பாட்டை விற்றாலும், எழுதியவள் என்று தன் பெயரைக் கேட்கும் உரிமை விற்பனையில் போகாது என்பது அவர் வாதம். அவள் கேட்பது இரண்டைத்தான். பாட்டின் கீழே லிஜி என்று இருக்க வேண்டும், வெட்டிய சரணம் திரும்ப வர வேண்டும். ஜூலை 18 வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதையும் அவர் சொல்லிவிட்டார். பழைய பாட்டு ஒன்று ஊரில் இருந்தது, இந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டு வாசித்துப் பழகினார்கள் என்பீர்கள். குழுவிலுள்ளவர்கள் மறுத்தால் தங்கள் லாபத்துக்குச் சொல்கிறார்கள் என்பீர்கள். நான் மறுத்தால் அவர்களைப் புகழ்ந்து எழுதியவன் என்பீர்கள். ஜனவரியில் எடுத்த வேறு பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். போன் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று எல்லார் போனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கி வெளியே பலாமரத்தடியில் கொண்டு வைத்தவள் நீ.

அந்தப் புரையில் அன்று குழுவைச் சேராதவர்கள் இரண்டு பேர். நானும் நீயும். எங்கே, எப்போது, யார் பாடியது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் சுவாமிதாஸ்.

இதை லிஜி உன்னிடம் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம் என்றாள்.

"சேச்சிக்கு வேலை போகும் சாரே. அதுக்குப் பொறவு நான் எப்படி அந்தப் பாட்டைப் பாட?"

அவள் கேட்காததால் நான் கேட்கிறேன். போன கடிதத்துக்குத் திட்டி எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டேன். உன் தலைவர் உன் கையைக் குலுக்கிய இடத்தை நீ எழுதியிருந்த விதமே போதும்.

சனிக்கிழமை மாலை களியக்காவிளையிலிருந்து பெங்களூரு பஸ்ஸில் லிஜி புறப்படுகிறாள். திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்கப் போகிறாள். தனியாகப் போகாதே என்று நான் சொன்னதும், கூட வருகிறேன் என்று ஈசாக் முந்திக்கொண்டார். கால் வராத மனிதர், அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன்.

"நான் காணாமப்போனவன் எண்ணு எழுதினவனை எனக்கொண்ணு காணணும். அவ்வளவாக்கும்," என்றார். வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பதினெட்டாம் தேதி வரை என் பத்தியில் இதைப் பற்றி ஒரு வரியும் வராது.

சத்தியதாஸ்

*

பெங்களூரு
12 ஜூலை 2025

சத்தியண்ணனுக்கு,

'ஒட்டுப்பால்' என்ற பாட்டு இந்த வருடம் ஜனவரியில் வெள்ளறடைக்கு அருகே ஒரு ரப்பர் புகைப்புரையில் பதிவானது. எழுதிப் பாடியவர் லிஜி. ஆதாரம்: அங்கே கவிழ்த்த டிஷ்ஷின்மேல் உட்கார்ந்திருந்த ஷியாமளா.

இதே வாசகத்தில்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டிஷ் வேண்டாம் என்று சுவாமிதாஸ் போனில் சொன்னார். இருக்கட்டும் என்றேன். உட்கார்ந்த இடத்தைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் நீங்கள் ஓரத்தில் எழுதுவீர்கள். ஒரு பிரதி நேற்று அவருக்கு அஞ்சலில் போயிற்று. இன்னொன்றை எங்கள் தலைவர் மேசையில் நானே வைத்தேன். இந்த முறை கை குலுக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. யோசித்துத்தான் செய்கிறாயா என்று கேட்டார். பின்னால் சுவரில் பார்டர் பாய்ஸ் அட்டை பெரிதாகத் தொங்கியது. அவ்வளவு பெரிதாக்கினால் பூந்தொட்டியின் ஒரு இலை ஓரத்தில் தெரிகிறது அண்ணே. வெட்டியவன் அதை விட்டுவிட்டான். ஈசாக் அண்ணனிடம் சொல்லவேண்டும்.

ஏப்ரலில் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தபோது நான் போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். புதுக் குழுக்கள். அந்த வாரம் வந்து குவிந்தவை. நல்லதாக ஒன்று அகப்படாதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நிலுவையில் இருப்பவை:

நோட்டீஸுக்கு நிறுவனத்தின் பதில். 18ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும். வக்கீல்களோடு பேசுகிறார்கள் என்பது வரை தெரியும்.

என் வேலை. அதுவும் அன்றே முடிவாகும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் இல்லை.

லிஜி என்னிடம் பேசுவாளா என்பது. கையெழுத்துப் போட்டதை அவளுக்கு நான் தெரிவிக்கவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். மடிவாளாவில் பஸ் நிற்கும் இடம் தெரியும். ஈசாக் அண்ணனால் அதிக தூரம் நடக்க முடியாது, ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ் வரும்.

ஷியாமளா